மல்லாக்கப் படுத்துச் சுடப் பழகியது

“ஏன் அலாரப் பொத்தானை அமர்த்தவில்லை?”

இதை முதலில் கேட்டவர் பொலிஸ்காரர். குற்றம் பிடிக்கிற குரல் இல்லை. அவருடைய தாளில் அதற்கென்று ஒரு கோடு இருந்திருக்க வேண்டும். இரண்டாவதாகக் கேட்டவர் முதலாளி. மூன்றாவது என் மனைவி. சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள், கேட்ட கையோடு “சரி, விடுங்கோ, சாப்பிடுங்கோ” என்று அவளே மூடியும் விட்டாள். நாலாவதாக நான் என்னையே கேட்கத் தொடங்கினேன். மற்ற மூவரும் ஒருமுறையோடு நிறுத்திவிட்டார்கள். நான் நிறுத்தவில்லை.

நொர்வேயில், ஸ்டோவ்னர் பக்கம் போகிற ரயில் பாதையில் ஒரு நிலையத்தின் படிக்கட்டடியில் இருக்கிறது எங்கள் கியோஸ்க். கோப்பி, சொசேஜ், சிகரெட், லொத்தர் சீட்டு. பதினொரு வருடமாக அங்கே நிற்கிறேன். ஓர் ஒக்ரோபர் மாதப் பின்னேரம் நாலு மணிபோல, கடையில் வேறு ஒருவரும் இல்லாத நேரம், முகத்தை மூடிய ஒருவன் வந்து பிஸ்டலை நீட்டினான். நான் பின்னுக்கு அடி வைத்தேன். வெறும் போத்தல் சேர்க்கிற பை காலில் சிக்கியது. கல்லாவுக்குப் பின்னால், களஞ்சிய அறை வரை, இரண்டரை அடி அகலத்தில் ஓடை மாதிரி ஓர் இடம். அதற்குள் நீட்டுக்கு மல்லாக்க விழுந்தேன். தலை களஞ்சிய அறைக் கதவடியில், கால் கல்லாவின் கீழ்ப்பலகைப் பக்கம். அவன் மேலால் எட்டிப் பார்த்தான். என் முழங்கால்களுக்கு மேலே அவன் கண்ணும் அந்தக் குழலின் வட்டமும் தெரிந்தன. அசையாமல் கிட என்றான். கிடந்தேன். சிகரெட்டையும் கல்லாவில் இருந்ததையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான். என் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

அவன் போன பிறகும் கிடந்தேன். அதுதான் வெட்கம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சொசேஜ் உருளுகிற இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அது கருகப்போகிறது என்று கவலைப்பட்டது நினைவிருக்கிறது. பிறகு மேலே இன்னொரு தலை தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அண்ணே? என்னண்ணே, ஏன் கீழ படுத்திருக்கீங்க?”

அவர் தமிழ்நாட்டுக்காரர். கணினி வேலை. அம்மருட்டில் எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில் இருக்கிறார். வேலைக்குப் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று நாளுக்கு இரண்டு கோப்பி என்னிடம் வாங்குவார். அவர்தான் பொலிஸைக் கூப்பிட்டவர். சொசேஜ் இயந்திரத்தை நிறுத்தியதும் அவர்தான், நான் சொல்லி.

அலாரப் பொத்தான் கல்லாவின் கீழ்ப்பலகையில் முழங்கால் உயரத்தில் இருந்தது. அமர்த்தினால் கடையில் சத்தம் கேட்காது, காவல் கம்பனிக்குப் போகும். பொருத்த வந்தவன் எனக்குக் காட்டும்போது, கையை மேலே தூக்கியபடி முழங்காலால் தட்டலாம், விழுந்து கிடந்தால் காலாலும் தட்டலாம் என்று சொல்லித்தான் போனான். பொலிஸ்காரர் நான் கிடந்த இடத்தையும் பொத்தானையும் மாறி மாறிப் பார்த்தார். என் இடது காலுக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இடைவெளி. நீ ஒன்றும் செய்யாமல் கிடந்ததும் நல்லதுதான் என்று அவரே பிறகு சொன்னார். அது ஆறுதலுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன். நான் அப்படித்தான். நல்லதாக ஒருவர் சொன்னால் அதற்குள் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்க்காமல் விடமாட்டேன்.

நான் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டு மின்தூக்கி வரை போய்த் திரும்பி வந்து அடுப்பைப் பார்க்கிற ஆள். பார்த்துவிட்டுப் போய், பூட்டினேனா என்று பார்க்க மறுபடி வருகிற ஆள். கடைப் பூட்டின் திறப்புக்கு ஒரு பிரதி என் காற்சட்டைப் பையில், இன்னொன்று மனைவியின் பையில், மூன்றாவது சீனிப் போத்தலுக்குள். பனியில் விழுவேனோ என்று சப்பாத்துக்கு முள்ளுப் பட்டி, கடையில் ஏதாவது நடக்குமோ என்று கல்லாவுக்குக் கீழே ஒரு பிள்ளையார் படம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவன். நாங்கள் இடம்பெயர்ந்து போன இடத்தில் பள்ளிக்கூடத்துக்குள் சனம் குடியிருந்தது, படிப்பிக்க அறை இல்லை. அதனால் எந்தப் படிவத்தைக் கண்டாலும் எனக்குத் தெரியாத ஒரு பொறி அதில் இருக்கும் என்று முதலிலேயே பயந்துவிடுவேன்.

டொக்டர் மருத்துவ விடுப்பு எழுதித் தந்தார். ஒரு மாதம், பிறகு இன்னொரு மாதம், அப்படியே நீண்டுகொண்டு போனது. மல்லாக்கப் படுத்து நித்திரை கொள்ள முடியவில்லை. முதுகு மெத்தையில் முட்டினவுடன் மேலே ஒரு தலை எட்டிப் பார்க்கும். இரண்டு தரம் கடை வாசல் வரை போனேன். கல்லாவைக் கண்டதும் பயணச்சீட்டு வாங்க வந்தவன் மாதிரித் திரும்பிப் படியேறினேன். முதலாளி நல்ல மனிதர், நொர்வேக்காரர், அதிகம் கதைக்காதவர். அவர் போனில் சொன்னது இதுதான்: ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை வரை உன் இடத்துக்கு வேறு ஆள் எடுக்கமாட்டேன். அதற்குப் பிறகு எடுக்கத்தான் வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில், ஒன்பதாம் வகுப்போடு, எனக்கு வேறு கடை கிடைக்காது. கிடைத்தாலும் அங்கேயும் ஒரு கல்லா இருக்கும். அதற்குப் பின்னால் ஒரு நிலம் இருக்கும்.

நவம்பரில் தமிழ்நாட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தார். மனைவி வைத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, தான் வியாழக்கிழமைகளில் ஒரு பிஸ்டல் கிளப்புக்குப் போவதாகச் சொன்னார். நின்று வட்டத்தைப் பார்த்துச் சுடுகிற வகை மட்டும் இல்லையாம். முழங்காலில் நின்று, குப்புறப் படுத்து, பலகையில் உள்ள ஓட்டைக்குள்ளால், ஒருக்களித்துக் கிடந்து, மல்லாந்து கிடந்தும் சுடுகிற விளையாட்டாம். மல்லாந்து என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன்.

“மல்லாக்கப் படுத்தோ?”

“ஆமாண்ணே. ரெண்டு முட்டிக்கும் நடுவுல. செம கஷ்டம், கழுத்து போயிடும்.”

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் எல்லிங்ஸ்ருட்டில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. கதைக்கிற எல்லாவற்றையும் ஒரு காதால் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

“துவக்குக்குப் பயந்துதானே நாட்டை விட்டு வந்தனாங்கள். இப்ப தேடிப் போய்ப் பிடிக்கப் போறியளோ?”

“சும்மா பாத்திட்டு வாறன்.”

“நீங்கள் சும்மா பாத்து நான் ஒரு நாளும் காணேல்லை.”

அவள் சொன்னது சரிதான். யாரையும் சுட வேண்டும் என்று எனக்கு ஆசை வரவில்லை. அவனைக் கண்டால்கூட என்ன செய்வேன் என்று தெரியாது. ஆனால் அப்படிக் கிடந்த கிடையில், கையில் ஒன்று இருந்திருந்தால் நான் வேறு ஆளாக இருந்திருப்பேன் என்று ஒரு எண்ணம். மல்லாக்கக் கிடக்கிறவன் எல்லாம் கையாலாகாதவன் இல்லை என்று என் முதுகுக்குக் காட்ட வேண்டும். டொக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

கிளப்பில் சேருகிற படிவத்தில், எதற்காகச் சேருகிறீர்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. தம்பி காரிலேயே எச்சரித்திருந்தார். இந்த நாட்டில் தற்காப்புக்கென்று துவக்குக் கிடையாது, அந்தச் சொல்லை எழுதினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், விளையாட்டு என்று எழுதுங்கள் என்றார். விளையாட்டு என்று எழுதினேன். எழுதிய நேரத்திலிருந்து அது பொய் என்ற பயம். ஒவ்வொரு வியாழனும் ஆறு மணிக்கு அந்தக் கட்டடத்தின் நிலவறைக்கு இறங்கும்போது, இன்றைக்குக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே இறங்குவேன்.

பழக்குகிறவள் என் வயதுப் பெண். பகலில் டிராம் ஓட்டுகிறவள். டிராம் ஓட்டுகிறவர்களுக்கே உரிய பொறுமை அவளுக்கு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவாள், அவசரப்படுத்தமாட்டாள். முதல் ஆறு வாரம் எங்களுக்குத் தோட்டாவே இல்லை. நீல நிறத்தில் பிளாஸ்டிக் பிஸ்டல், அதுவும் கயிற்றில் கட்டிய திறப்புக் கோர்வை மாதிரி எல்லோருக்கும் பொது. விரல் எங்கே, குழல் எங்கே, இந்த இரண்டையும் எந்தக் கிடையிலும் மறக்கக்கூடாது. குழல் உன் உடம்பில் எந்த இடத்தையும் தாண்டிப் போகக்கூடாது. தாண்டினால் ‘ஸ்டொப்’ என்பாள். அந்தச் சொல் விழுந்தால் அன்றைக்கு அதோடு முடிந்தது, போய்ச் சுவரோர வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எனக்கு இது பிடித்தது என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. எல்லாவற்றையும் இரண்டு தரம் பார்க்கிற ஆளைக் கண்டு உலகத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அந்த நிலவறையில்தான் அது நல்ல பழக்கம். வெறுமையா என்று பார், கண்ணால் பார், விரலால் தொட்டுப் பார், பக்கத்தில் நிற்பவருக்கும் காட்டு. நான் மூன்று தரம் பார்ப்பேன். அவள் மற்றவர்களிடம் என்னைக் காட்டி, இவரைப் பாருங்கள் என்றாள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படி ஒன்று கிடைத்ததில்லை.

தை மாதம் தோட்டா தந்தாள். நின்று சுட்டேன், முழங்காலில் சுட்டேன். குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, பலகையின் அடி ஓட்டைக்குள்ளால் சுட்டேன். அதில் இலக்கு அட்டையின் நடுவில் மூன்று விழுந்தன. தம்பி போட்டோ எடுத்து மனைவிக்கு அனுப்ப, அவள் திருப்பி அனுப்பிய பதில்: பாண் வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. பிறகு காருக்குக் கீழே பார்க்கிற மாதிரி ஒருக்களித்துக் கிடந்து சுடுவது. இடது தோள் சீமெந்தில் நசிய, பிஸ்டலை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அதுவும் வந்தது. கடைசியில் மல்லாந்து.

மல்லாந்து கிடப்பதற்கு முறை இருக்கிறது. முழங்கால்களை மடித்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நிலத்தில் ஊன்ற வேண்டும். தலையைத் தூக்கி, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் தெரிகிற வெளியால் அட்டையைப் பார்க்க வேண்டும். முழங்கால்கள் வெளியே இருப்பதுதான் உயிர். ஒரு முழங்கால் உள்ளே சரிந்தால் அது குழலுக்கு நேரே வந்துவிடும். அதனால் மறுபடி நீலப் பிஸ்டல்தான். நீலத்தில் பத்துத் தரம் பிழையில்லாமல் வந்தால்தான் உண்மையானது.

நான் கிடந்தேன். முதுகு சீமெந்தில் முட்டியது. கையை நீட்டினேன்.

‘ஸ்டொப்.’

இடது முழங்கால் வலப்பக்கம் சரிந்து, குழலுக்கு முன்னால் வந்திருந்தது. எனக்கே தெரியவில்லை. அடுத்த வியாழன் மறுபடி கிடந்தேன், மறுபடி ‘ஸ்டொப்.’ அதற்கடுத்த வியாழனும் அதே. இடது காலை ஊன்றிவிட்டுத்தான் கையை நீட்டுகிறேன். நீட்டும்போது அந்தக் கால் தானாகக் கிளம்பி வலது காலோடு போய் ஒட்டிக்கொள்கிறது. நீலப் பிஸ்டல்தானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அது நீலம் என்பது உன் காலுக்குத் தெரியாது என்றாள்.

வீட்டில் பழகிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். எங்கள் வரவேற்பறையில் அதுவும் லேசில்லை. ஒரு மூலையில் சாமித்தட்டு, அந்தப் பக்கம் கால் நீட்ட முடியாது. தலையை வடக்கே வைக்கக்கூடாது. மிச்சமிருந்தது பால்கனிக் கதவுப் பக்கம் கால் வைக்கிற ஒரே ஒரு திசை. பிஸ்டலுக்குப் பதில் டிவி ரிமோட். எதிர்க் கட்டடத்தில் பன்னிரண்டு மாடிச் சனமும் பார்க்க, நான் கம்பளத்தில் கிடந்து, முழங்கால்களுக்கு நடுவால் ரிமோட்டை நீட்டிக்கொண்டிருந்தேன்.

“இஞ்சேருங்கோ, திரைச்சீலையையாவது இழுத்து விடுங்கோவன். அங்கை இருக்கிற மனிசி போன கிழமையும் என்னைக் கேட்டது, உங்கடை அவருக்கு நாரிப் பிடிப்போ எண்டு.”

“கால் நேராய் இருக்குதோ எண்டு பாரும்.”

“நேராய்த்தான் இருக்குது. ரிமோட்டைத் தாங்கோ, செய்தி போகுது.”

நேராய்த்தான் இருந்தது. வீட்டில் பத்துக்குப் பத்து. இருபது தரம் கிடந்தாலும் இடது கால் ஊன்றின இடத்தில் ஊன்றினபடி. நிலவறைக்குப் போனால் ‘ஸ்டொப்.’ எனக்கு இது இன்னும் பயமாக இருந்தது. என் காலே எனக்குத் தெரியாமல் ஏதோ ஒன்று வைத்திருக்கிறது. மார்ச் முடிந்துகொண்டு வந்தது. ஈஸ்டருக்கு இரண்டு கிழமை. முதலாளியிடம் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மல்லாந்து கிடந்து ஐந்து தோட்டா சுட்டுவிட்டால் கடைக்குப் போவேன், சுடாவிட்டால் போகமாட்டேன் என்று எனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். யாரும் கேட்காத கணக்கு.

அந்த வியாழன் அவள் தன் தொப்பியைக் கழற்றி, என் இடது பாதம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தாள். தொப்பிக்கு மேல் பாதத்தை வை, எடுக்காதே, தொப்பி நழுவினால் உனக்கே தெரியும் என்றாள்.

ஒருவர் தலையில் போடுகிற தொப்பியில் நான் எப்படிக் காலை வைப்பது? எழும்பி, அதை எடுத்து, தூசி தட்டி, வாங்கில் வைத்துவிட்டு வந்து மறுபடி கிடந்தேன். அவள் மறுபடி தொப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். நான் மறுபடி எழும்பினேன். பின்னால் வாங்கில் இருந்த தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்குள் தலைக்குப் போடுவதைக் கால் தொடக்கூடாது என்று அவர்தான் நொர்வீஜியனில் அவளுக்குச் சொன்னார். அவள் தலையாட்டிவிட்டு, ஒட்டுநாடாவால் நிலத்தில் ஒரு சிலுவைக் குறி ஒட்டினாள். அதில் பாதத்தை வைத்தேன். கையை நீட்டினேன். கால் கிளம்பியது.

இந்த முறை ‘ஸ்டொப்’ என்று அவள் சொல்லவில்லை. குனிந்து நீலப் பிஸ்டலை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, என் கால்மாட்டில் சப்பாணி கட்டி இருந்தாள்.

“யாரோ அங்கே இருக்கிற மாதிரிக் காலை இழுக்கிறாய்,” என்றாள். “தொப்பியை எடுத்த மாதிரியேதான். உன் இடது காலடியில் யார் இருக்கிறார்?”

ஒருவரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“பிள்ளையார்,” என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. கல்லாவின் கீழ்ப்பலகை, பொத்தான், பொத்தானோடு ஒட்டினாற்போல அந்தப் படம். யாருடையதோ கலியாணக் கார்ட்டின் முகப்பில் இருந்தவர். கார்ட்டை எறிய மனம் வராமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து வைத்திருந்தேன். கடையில் ஒட்டலாமா என்று கேட்டபோது, வாடிக்கையாளர் கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒட்டிக்கொள் என்றார் முதலாளி. அலாரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இரண்டு காவலும் ஓரிடத்தில் இருக்கட்டும் என்று. அன்றைக்கு விழுந்தபோது என் இடது பாதம் அவருக்கு நேரே போயிருக்கிறது. நான் இழுத்திருக்கிறேன். ஒருவன் பிஸ்டலை நீட்டிக்கொண்டு நிற்கிறான், நான் சாமிப் படத்தில் கால் படக்கூடாதென்று காலை மடித்துக்கொண்டு கிடந்திருக்கிறேன். வீட்டில் கால் நேராக இருந்ததற்கும் காரணம் அதுதான். அங்கே நான் முதலிலேயே திசை பார்த்துப் படுத்திருந்தேன், சாமி இல்லாத பக்கம்.

“ஐயோ அண்ணே,” என்றார் தம்பி. “பட்டன் பக்கத்துலயா வச்சீங்க?” அவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவர் இப்போது சிரிக்கவும் இல்லை.

பழக்குகிறவளுக்கு விளக்கம் தேவைப்பட்டது. நிலத்தில் கிடந்தபடியே சொன்னேன். கடை, அவன், சொசேஜ், பொலிஸ்காரரின் கேள்வி. படிவத்தில் எழுதிய விளையாட்டு என்ற சொல்லையும் சொன்னேன். நான்கு மாதம் பதுங்கிக்கொண்டிருந்த பயம், வந்தால் வரட்டும் என்று வெளியே வந்துவிட்டது. சொல்லும்போது கூரையின் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மல்லாக்கத்தான் கிடக்கிறேன் என்பது சொல்லி முடிந்த பிறகுதான் உறைத்தது.

அவள் நீலப் பிஸ்டலைத் தனக்குப் பின்னால் நிலத்தில் வைத்தாள்.

“இங்கே இருப்பது அட்டை,” என்றாள். “அட்டையில் நீ ஒரு மனிதனைப் பார்த்தால் நான் உனக்குத் தோட்டா தர முடியாது. கோபத்தில் சொல்லவில்லை.”

எனக்கு விளங்கியது. வெளியே போகச் சொல்கிறாள் என்று நினைத்து எழும்பப் போனேன். அவள் என் சப்பாத்தின் நுனியைப் பிடித்து இருத்தினாள்.

“முதலில் அந்த இடத்தில் போய் ஒருமுறை படுத்துப் பார். துவக்கு இல்லாமல். பிறகு வா. உன் இடம் இங்கே இருக்கும்.”

என் இடம் இருக்கும் என்று எனக்குச் சொன்ன இரண்டாவது ஆள் அவள். முதல் ஆள் முதலாளி. அவர் நாள் குறித்திருந்தார்.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய் காலை ஆறு மணிக்கு மனைவியும் நானும் ரயிலில் போனோம். அவளுடைய வேலை எட்டுக்குத்தான். கூட வர வேண்டாம் என்றேன். நான் ஒன்றும் உங்களுக்காக வரவில்லை, கோப்பி குடிக்க வருகிறேன் என்றாள். வானம் நன்றாக வெளித்திருந்தது. முதலாளி கடைக்குள் விளக்கைப் போட்டுவிட்டு நின்றார். நான் வந்ததைக் கண்டு கோப்பி இயந்திரத்தைத் தட்டிவிட்டார். அவரிடம் இரண்டு விஷயம் கேட்டேன். ஒன்று, படத்தை இடம் மாற்ற வேண்டும். மற்றது, காவல் கம்பனிக்குப் போன் எடுத்து, பொத்தானைச் சோதிக்கப் போகிறோம், ஆள் அனுப்ப வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

ஏன் என்று கேட்டார். சொன்னேன். என் நொர்வீஜியன் அந்த இடத்தில் திணறியது. கால், கடவுள், மடக்கினேன் என்று துண்டு துண்டாகத்தான் வந்தது. அவர் கல்லாவுக்குப் பின்னால் வந்து, முழங்காலில் குந்தி, படத்தையும் பொத்தானையும் பார்த்தார். கண்ணில் படாத இடத்தில் ஒட்டு என்று நான்தானே சொன்னேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, உனக்கு எங்கே சரியோ அங்கே வை என்றார்.

படம் லேசில் வரவில்லை. இரட்டைப் பக்கம் ஒட்டுகிற நாடாவை நான் நாலு மூலைக்கும் போட்டிருந்தேன், விழுந்துவிடுமோ என்று. மனைவி கோப்பி இயந்திரத்திலிருந்து சுடுதண்ணி பிடித்து, துணியை நனைத்து வைத்து வைத்து எடுத்தாள். நான் கை நீட்டினேன்.

“விடுங்கோ. நான் ஒட்டுறன். எங்கை?”

சிகரெட் அலுமாரிக்கு மேலே, மணிக்கூட்டுக்குப் பக்கத்தில். நின்றால் என் தலைக்கு மேல். கிடந்தால் இன்னும் மேல். அவள் ஒட்டிவிட்டு இறங்கி, அப்பால் போய் நின்று, நேராக இருக்கிறதா என்று பார்த்தாள்.

பிறகு நான் படுத்தேன். இதை எழுதுவது போல அது லேசாக இருக்கவில்லை. முதலில் குந்தினேன், கையை ஊன்றினேன், கை வழுக்குமோ என்று நிலத்தைத் தடவினேன், போத்தல் பை எங்கே என்று பார்த்தேன். மனைவி கல்லாவுக்கு வெளியே போகவில்லை. களஞ்சிய அறைக் கதவடியில், என் தலைமாட்டில் நின்றாள். முதுகு நிலத்தில் முட்டியது. கண்ணை மூடவில்லை. பழகின மாதிரி முழங்கால்களை மடித்து, பாதங்களை விரித்து ஊன்றினேன். நடுவால் பார்த்தால் பலகை தெரிந்தது. அதில் படம் இருந்த இடம் மட்டும் வெளிறிய சதுரமாக. அதற்கு இடப்பக்கம் பொத்தான். கை வெறுமையாக வயிற்றில் கிடந்தது.

மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“அண்ணே, திரும்பவுமா?”

“தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ,” என்றாள் மனைவி. “அவர் வேலை செய்யிறார்.”

நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தத் தலை தம்பியின் தலையாகவே இருந்தது. கோப்பிக் குடுவையும் கையுமாக. இடது காலைத் தூக்கினேன். அது வலப்பக்கம் போகவில்லை. நேரே நீட்டி, குதிக்காலால் பொத்தானை அமர்த்தினேன். மெல்லிய ஒரு கிளிக். அரை வருடமாக என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அவ்வளவுதான் சத்தம்.

எழும்பி இருந்தேன். பிறகு என்ன செய்தேன் என்று எனக்கு நினைவே இல்லை, மனைவி சொல்லித்தான் தெரியும். காலால் தொட்டுவிட்டேன் அல்லவா, அதனால் கையால் அந்தப் பொத்தானைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேனாம்.

முதலாளி போனைக் காதில் வைத்தபடி திரும்பினார்.

“அலாரம் இரண்டு தரம் வந்ததாம்,” என்றார். “சரியா என்று கேட்கிறார்கள்.”

சரி என்று சொல்லச் சொன்னேன். பிறகு சொசேஜ் இயந்திரத்தைப் போட்டேன். தம்பிக்குக் கோப்பி ஊற்றினேன்.